1853 என்ஃபீல்டு என்று சொல்லி விற்கிறார்கள்: அசலா, பிரதியா, என்ன விலை தகும்?

கேள்வி: தக்கலை நூலகத்தார்

எங்கள் நூலக மன்றத்தில் ஓர் அறையை உள்ளூர் வரலாற்றுக் காட்சிக்காக ஒதுக்கியிருக்கிறோம். இரண்டு பகுதிகள்: 1741 குளச்சல் போர், 1809 வேலுத்தம்பி தளவாய் காலத்து ஆரல்வாய்மொழிச் சண்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய பாணி ராணுவத் துப்பாக்கியைச் சுவரில் வைக்க எண்ணம். சுடுவதற்கு இல்லை, பார்வைக்கு மட்டும். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், சில சமயம் கையில் கொடுத்துக் காட்ட வேண்டியும் வரும்.

இரண்டு பொருள் கிடைக்கிறது.

ஒன்று, கேரளத்துப் பழம்பொருள் கடை ஒன்றில். "ஒரிஜினல் டவர் என்ஃபீல்டு, 1853, பிரிட்டிஷ் ராணுவம்" என்கிறார்கள். கேப்பு (தட்டினால் தீப்பொறி விடும் சிறு உலோகத் தொப்பி) வைத்து வெடிக்கும் வகை, குழலைக் கட்டையோடு பிடிக்க மூன்று வளையம். பூட்டுத் தகட்டில் (வெடிக்கவைக்கும் இயக்கத்தைத் தாங்கும் தகடு) கிரீடம், வி.ஆர். (விக்டோரியா ராணி முத்திரை), டவர், 1853 என்று இருக்கிறது. கேட்கும் விலை 65,000 ரூபாய். லைசென்ஸ் வேண்டாம், பழசு என்கிறார்கள்.

மற்றது, வட இந்தியப் பட்டறை ஒன்று புதிதாகச் செய்து அனுப்பும் 'பிரௌன் பெஸ்' (18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி) பிரதி. கேப்புக்குப் பதில் தீக்கல் உரசிப் பொறி பறக்கும் பூட்டு. 14,000 ரூபாய், லாரி கூலி தனி.

அசலையும் பிரதியையும் நேரில் எப்படிப் பிரித்தறிவது? பிரதி என்றால் நல்லது, மட்டமானது என்பதை எதை வைத்துச் சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: பழம்பூட்டு

விலைக்கு முன்னால் ஒரு விஷயம். நீங்கள் காட்டப்போகும் இரண்டு ஆண்டுகளுக்கும் என்ஃபீல்டு பொருந்தாது. அதன் ராணுவப் பெயர் பேட்டர்ன் 1853, அதாவது 1853 மாதிரி என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது. குளச்சலில் டச்சுக்காரர் தோற்று 112 வருஷம் கழித்து வந்த மாதிரி அது. கேப்பு முறைக்கே வேராக இருந்த ஃபோர்சைத் காப்புரிமை 1807. பிரிட்டிஷ் ராணுவம் அந்த முறைக்கு மாறியது 1840-ஐ ஒட்டித்தான். 1741-இலும் 1809-இலும் குதிரையின் (விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தியல்) வாயில் கல்தான் இருக்க வேண்டும். அசலாகவே இருந்தாலும் உங்கள் சுவரில் அது தப்பான துப்பாக்கி.

இனி அது அசலா என்பது. போட்டோவில் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் "1853" என்ற பொறிப்பே சந்தேகத்துக்கு இடம். 1853 என்பது மாதிரியை ஏற்ற ஆண்டு. பெருமளவில் தயாராகிக் கைக்கு வந்தது அதற்குப் பின்பு. அசல் பூட்டுகளில் சாதாரணமாகக் காண்பது 1850-களின் பிற்பகுதியும் 1860-களும். மாதிரியின் பெயரையே செய்த வருஷமாக நினைத்துப் பொறித்துவிடுவது பிரதி செய்பவர்களின் வழக்கமான தடுமாற்றம். "டவர்" என்பதாலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. லண்டன் கோபுரத்தில் செய்தது என்று அதற்குப் பொருள் கிடையாது. ஒப்பந்தக்காரர்கள் செய்து அரசுச் சோதனையில் தேறியவற்றுக்கும் அதே பொறிப்புதான்.

நேரில் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: அளவு நாடா, சின்னக் காந்தம், வெர்னியர், கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு, 10 மடங்கு லென்ஸ், டார்ச், ஒரு வெள்ளைக் காகிதம், வழவழப்பான மரக்குச்சி 120 செ.மீ. நீளத்தில் ஒன்று.

முதல் வேலை பாதுகாப்பு. குழலின் வாய்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. குச்சியை மெல்ல உள்ளே விட்டு, வாயோடு சேரும் இடத்தில் அடையாளம் போடுங்கள். வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். முனை நிப்பிள் (கேப்பை மாட்டும் சிறு முளை) இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால்வரை வர வேண்டும். நாலைந்து விரல் குறைவாக நின்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. துருவாகவும் இருக்கலாம், நூறு வருஷத்துக் கரிமருந்தும் குண்டுமாகவும் இருக்கலாம். கிளறாதீர்கள். வைத்த இடத்தில் வைத்துவிட்டுப் போலீஸுக்குச் சொல்ல வேண்டியதுதான்.

அடுத்து அளவு. பேட்டர்ன் 1853-க்கு மொத்த நீளம் 55 அங்குலம், ஏறத்தாழ 140 செ.மீ. குழல் மட்டும் 39 அங்குலம், 99 செ.மீ. வாய் விட்டம் .577 அங்குலம், அதாவது 14.7 மி.மீ. உள்ளே டார்ச் அடித்தால் மூன்று வரிப்பள்ளங்கள் (குண்டைச் சுழலவிட உட்சுவரில் வெட்டியவை) தெரியும். மிக மெதுவாகத் திரும்புபவை, 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எனவே குழல் முழுதும் சேர்த்தே பாதிச் சுற்றுதான். எடை 4.3 கிலோ வாக்கில். 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று வரியில்லாத, விட்டம் கூடிய குழல் வைத்த வகை தனியே வந்தது, .656 அங்குலம், 16.7 மி.மீ. ஆகவே வரி இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட வேண்டாம். 14.7-ம் இல்லை, 16.7-ம் இல்லை என்றால் அது வேறு ஏதோ.

காந்தத்தைக் குழல், பூட்டுத் தகடு, குதிரை, வளையங்கள், திருகுகள் எல்லாவற்றிலும் வையுங்கள். இவை எல்லாம் எஃகு அல்லது இரும்பு, ஒட்ட வேண்டும். விசைக் காப்பு, கட்டையின் அடித்தகடு, முனைத் தொப்பி பித்தளை, ஒட்டக் கூடாது. குதிரையில் ஒட்டவில்லை என்றால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு, அலங்காரப் பொருள். பித்தளையாகத் தெரிவதில் ஒட்டினால் இரும்புக்கு முலாம் பூசியிருக்கிறார்கள்.

பொறிப்புகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அசலில் எழுத்து அச்சால் அடித்தது. பள்ளத்தின் ஓரம் கூர்மை, அடித்தளம் ஒரே சீராக இராது, பக்கத்தில் உலோகம் லேசாகப் பிதுங்கியிருக்கும், பின்னால் அதைத் தேய்த்திருப்பார்கள். வார்ப்பில் எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டியில் அழுத்திய எழுத்து மாதிரி மழுங்கியிருக்கும். லேசர் என்றால் ஆழமே இல்லாமல் கறுப்பாக, எல்லா எழுத்தும் ஒரே அளவு.

திருகில் நட்சத்திரத் தலை கண்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். பூட்டைக் கழற்ற அனுமதி கேளுங்கள். இரண்டு திருகுதான். அசல் பொருள் விற்பவர் தயங்க மாட்டார். உட்புறத்தில் விசைவில், அச்சுத்திரணை (குதிரையோடு சேர்ந்து திரும்பும் உறுப்பு), அதைத் தாங்கும் பாலம், விசைநாக்கு, அதன் சிறுவில் என்று ஐந்தும் தனித்தனியாக, மெருகேற்றி இருக்க வேண்டும். பாலம் இல்லாமல் அச்சு ஒரு பக்கம் மட்டுமே பிடித்திருந்தால், அல்லது சுருள்வில் போட்டிருந்தால், அது சந்தைச் சரக்கு.

துருவையும் படியுங்கள். பழசாகக் காட்ட அமிலத்தில் ஊறவைத்தால் பள்ளங்கள் குழல் முழுக்க ஒரே அளவில் விழும். கட்டைக்குள் மறைந்த அடிப்பக்கத்திலும் அதே பள்ளம் இருக்கும். உண்மையான பயன்பாட்டில் நிப்பிளைச் சுற்றி அரிப்பு மிகுதி, குழலின் நடுப்பாகம் கைபட்டு மழமழப்பு, மரத்துக்கு அடியில் வேறு நிறம். இரும்பும் மரமும் சேரும் கோட்டில் நீர் தங்கிய கறை மரத்தின் பக்கமும் இருக்க வேண்டும். இரும்பு தின்றுபோயிருக்கிறது, பக்கத்து மரம் புத்தம்புதுசு என்றால் இரண்டும் ஒன்றாக வாழவில்லை.

---

பதில் 2: குலசேகரம் மரவேலை

பூட்டைப் பத்தி அண்ணாச்சி விளக்கமா சொல்லிட்டாவ. நான் கட்டையைப் பத்தி மட்டும் சொல்லுகேன். பாதி விலை மரத்தில கெடக்கு, யாரும் அதைப் பாக்கதில்ல.

அசல் பிரிட்டிஷ் துப்பாக்கிக்கு வால்நட் மரம். நம்ம நாட்டுப் பிரதிக்கு ஷீஷம், ஈட்டி, தேக்கு. வால்நட்டை விட ஈட்டி கனம் ஜாஸ்தி, ஒரே அளவுக் கட்டைக்கு அரைக் கிலோ வரை கூடிப்போவும். தராசில 5 கிலோ காட்டினா மரம் ஈட்டியா, இல்ல குழல் தடிமனான்னு பாத்துக்கிடுங்க. தேக்குன்னா எடை ஏறக்குறைய சரியா வரும். ஆனா அதில எண்ணெய்ப்பசை உண்டு, ஒட்டுப்போட்ட எடம் நாள்பட விட்டுரும்.

ஒட்டு எங்க இருக்குன்னு தேடுங்க. இந்த நீளத் துப்பாக்கிக்குக் கட்டை அடியிலேருந்து முனை வரைக்கும் ஒரே மரமா இருக்கணும். அவ்வளவு நீளத்துக்கு நேர்வரி மரம் கெடைக்காம முன்பாதியைத் தனியா ஒட்டி, ஒட்டை ஒரு வளையத்துக்கு அடியில ஒளிச்சிருப்பாவ. வளையத்துக்கு ரெண்டு பக்கமும் மர வரி ஒண்ணோட ஒண்ணு சேருதான்னு டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. தெரிஞ்சிரும்.

அடுத்தது கைப்பிடிக் கழுத்து. மர வரி கழுத்து வழியா நீளவாக்கில ஓடணும். குறுக்கே ஓடிச்சுன்னா, ஒரு தடவை கீழ விழுந்தாப் போதும், அந்த இடத்துல ரெண்டாப் பொளந்துரும். பிள்ளைகள் கையில குடுக்கணும்னு சொல்லுதியளே, இதை விட்டுராதீங்க.

பூட்டுத் தகட்டுக்கும் மரத்துக்கும் இடையில விசிட்டிங் கார்டு நுழையக் கூடாது. நுழைஞ்சா மட்டமான வேலை. அதைவிட மட்டம், இடைவெளியில எம்-சீல் போட்டு அடைச்சு மேல பழுப்பு வார்னிஷ் அடிக்கது. நகத்தால கீறினா மரம் வேற மாதிரி, அது வேற மாதிரி இருக்கும். பூட்டைக் கழட்டினா உள்ளே குழி தெரியும். நல்ல ஆசாரி ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிக் குழி உளியால வெட்டியிருப்பாரு. மோசமானவன் மெஷினை விட்டு ஒரே கெணறாத் தோண்டிருவான். அந்தச் சவம் கழுத்தைத்தான் மெலிசாக்கும், பிற்பாடு அங்கதான் வெடிப்பு விடும்.

வடக்கேருந்து வர்ற கட்டை உலர்ந்த ஊர்ல செஞ்சது. நம்ம ஊர்ல ஆனிச் சாரலும் அடிக்கும், ஐப்பசி மழையும் பெய்யும், கடக்காத்து வேற. மரம் ஈரம் குடிச்சு உப்பும். பூட்டு இறுகும், ராம்ராடு (மருந்து கெட்டிக்க கம்பி) உள்ளே மாட்டிக்கிடும். வந்த உடனே இழைக்கக் கூடாது கேட்டியளா. பெட்டியைப் பிரிச்சு மூணு நாலு வாரம் காத்தாட வச்சிருங்க, வெயில் படாம. பெறகு எங்க இறுகுதுன்னு பாத்து, அந்த இடத்தில மட்டும் மணல்தாள். அடிச்சுவந்த வார்னிஷை எடுத்துட்டு ஆளிவிதை எண்ணெய் மூணு கை, ஒவ்வொண்ணுக்கும் நடுவில நல்லாக் காயவிட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது காயாது, பிசுக்கும்.

---

பதில் 3: மீனாட்சிபுரம் வக்கீல்

விற்பவர் சொன்ன "பழசு, லைசென்ஸ் வேண்டாம்" என்பது சட்டத்தில் அப்படியே இல்லை.

ஆயுதச் சட்டம் 1959-இன் 45(சி) பிரிவு வழக்கொழிந்த மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது ஆகியவற்றுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அதற்கு ஒரு வால் உண்டு: பழுதுபார்த்தோ பார்க்காமலோ சுடுகருவியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும். குழல் அடிவரை திறந்து, நிப்பிளுக்கு வழி இருந்து, பூட்டும் வேலை செய்கிறது என்றால் விலக்கு கிடைக்காது. வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தேவை என்பது மலையோரத்துக்காரர்களுக்குத் தெரியும். மாவட்ட ஆட்சியரிடம்தான் விண்ணப்பம்.

போலித் துப்பாக்கியைச் சுடுவதாக மாற்றுவது 6-ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம். புதிய பிரதியில் மருந்துத் துளை (பூட்டின் தீயைக் குழலுக்குள் விடும் துளை) போடாமல் அனுப்புவார்கள். "ஒரு துளைதானே" என்று பட்டறையில் கொடுத்துப் போட்டுக்கொண்டால் அலங்காரப் பொருள் அன்றே சுடுகருவி ஆகிவிடும்.

அசல் என்று சொல்லி நூறு வருஷத்துக்கு மேற்பட்டதை விற்பவருக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி வியாபார உரிமம் வேண்டும். கடையில் அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால், ஒன்று பொருள் பழசு இல்லை, அல்லது வியாபாரம் நேர்மையில்லை.

பிரதி வாங்கினாலும் பில்லில் "சுட இயலாத காட்சிப் பிரதி, குழல் அடைக்கப்பட்டது, மருந்துத் துளை இல்லை" என்று எழுதி வாங்குங்கள். அந்தப் பில் நகலையும் நாலு போட்டோவையும் வைத்து உள்ளூர் காவல் நிலையத்தில் தகவல் மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுவது நல்லது. ஊர்வலத்தில், பேருந்தில், ரயிலில் மூடாமல் எடுத்துப் போகாதீர்கள். தூரத்தில் பார்ப்பவருக்கு எல்லாம் துப்பாக்கிதான்.

---

பதில் 4: கொல்லன்பட்டறை

பதில் 1-இல் சொன்னவை அசலுக்குச் சரி. இவர்கள் வாங்கப்போவது பிரதி. அதற்கு அளவுகோல் வேறு.

பிரதியில் மூன்று தரம் உண்டு. அடியில் துத்தநாகக் கலவை வார்ப்பு, ஸ்பெயினிலிருந்து வருகிற அலங்காரத் துப்பாக்கிகள் இந்த இனம். வடிவம் நன்றாகவே இருக்கும், ஆனால் குதிரையின் கழுத்தில் ஒடியும், ஒடிந்தால் வெல்டிங் பிடிக்காது. நடுவில் நம் நாட்டுப் பட்டறை வேலை: எஃகுக் குழாய், கையால் ராவிய பூட்டு, மணல் வார்ப்புப் பித்தளை. மேலே இத்தாலிக்காரர்கள், பிரேஷா பக்கத்து கார்டோனே ஊரில் பெடர்சோலி போன்றவர்கள் செய்வது. 1970-களில் பர்மிங்ஹாமில் பார்க்கர்-ஹேல் செய்த என்ஃபீல்டு பிரதிகளை இன்னும் தேடி வாங்குகிறார்கள், பழைய அசல் அளவுக்கருவிகளை வைத்துச் செய்தார்கள் என்பதால். வெளிநாட்டுச் சந்தையில் நம் நாட்டுப் பிரதி இத்தாலிப் பிரதியின் பாதி விலைக்கோ அதற்கும் கீழோதான் போகிறது. அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது? பூட்டின் பதம், பித்தளையின் துளைகள், கட்டையின் பருமன். மூன்றே இடம்.

பதம்: தீக்கல் மோதும் எஃகுத் தகட்டின் ஓரத்தில் சின்ன அரத்தை வைத்து லேசாக இழுங்கள். பதமேற்றியது என்றால் அரம் வழுக்கும். கடித்தால் பச்சை இரும்பு. உங்களுக்குப் பொறி பறக்க வேண்டியதில்லை, ஆனால் இங்கே பதம் போடாதவன் அச்சுத்திரணைக்கும் போட்டிருக்க மாட்டான். பிள்ளைகள் நூறு தடவை குதிரையை இழுத்தால் வெட்டுகள் மழுங்கிவிடும். பாதி இழுப்பில் குதிரையை நிறுத்தி விசையை அழுத்திப் பாருங்கள், இறங்கக் கூடாது. இறங்கினால் விரல் நசுங்கும். காட்சிப் பொருளானாலும் இதைத் தள்ளுபடி விலைக்கும் வாங்காதீர்கள்.

பித்தளை: விசைக் காப்பின் உள்வளைவில் ஊசி முனை இறங்கும் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஈர மணலில் வார்த்தால் வரும். அழகுக்குறைதான், ஆனால் உப்புக்காற்றில் அந்தத் துளைக்குள் பச்சைக் களிம்பு ஏறும்.

கட்டைப் பருமன்: அசல் பூட்டைச் சுற்றியுள்ள மரம் நெருக்கமாக, ஒல்லியாக இருக்கும். பிரதிகளில் விரற்கடை கூடுதலாக விட்டுவிடுவார்கள். உலக்கை மாதிரி தெரிவது இதனால்தான். மரவேலைக்காரர் இருந்தால் இரண்டு நாளில் சரிசெய்துவிடலாம், குறையாக எழுதி விலையைக் குறையுங்கள்.

இத்தாலிப் பிரதி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: குழலின் பின்பக்கம் அல்லது அடியில் சோதனை முத்திரையோடு ஒரு சிறு கட்டத்துக்குள் இரண்டு எழுத்து இருக்கும். ஏ-ஏ என்றால் 1975, ஏ-பி என்றால் 1976. "பிளாக் பவுடர் ஒன்லி" என்ற வரியும் இருக்கும். 'அசல்' என்று விற்பவர்கள் முதலில் ராவி அழிப்பது இந்த வரியைத்தான். குழலில் அந்த இடத்தில் தட்டையாக, பளபளப்பு மாறித் தெரிந்தால் அதுதான் காரணம்.

---

பதில் 5: ஆரல்வாய்மொழி காற்று

இடையில் ஒரு கேள்வி. அதே மாதிரிக் கடை ஒன்றில் மார்ட்டினி-ஹென்றி என்று ஒரு பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி இருக்கிறது. வி.ஆர்., 1906 என்று பொறிப்பு. என்ஃபீல்டு என்ற சொல்லில் 'என்' எழுத்து ஒன்று தலைகீழாகத் திரும்பி இருக்கிறது. அதுவும் பிரதிதானா?

---

பதில் 6: பழம்பூட்டு

விக்டோரியா ராணி இறந்தது 1901 ஜனவரியில். 1906-இல் வி.ஆர். யாருடைய முத்திரை? அது கைபர் பக்கத்து மலைப் பட்டறை வேலை, தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத கொல்லர்கள் அசலைப் பார்த்துப் படம்போல் எழுத்தை வெட்டினார்கள், அதனால் எழுத்து திரும்பும், தேதி தப்பும். எஃகும் மென்மை. ஆனால் இதை வெறும் போலி என்று தள்ளவும் முடியாது. சந்தையில் ஏமாற்றவென்று செய்ததற்கும், சண்டைக்கென்றே அந்த மக்கள் கையால் செய்துகொண்டதற்கும் மதிப்பு வேறு. நேபாளத்தில் 1880-களில் கையால் செய்த கஹேந்திரா துப்பாக்கியும் மார்ட்டினி பாணிதான். அதை இன்று அதன் பெயருக்காகவே சேகரிக்கிறார்கள்.

கைபர் வேலையை "பிரிட்டிஷ் அசல்" விலைக்கு வாங்கினால்தான் நஷ்டம். அதோடு அது பின்வழித் தோட்டா போடும் வகை. சட்டச் சிக்கல் இன்னும் கூடுதல். விட்டுவிடுங்கள்.

---

கேள்வி கேட்டவர்: தக்கலை நூலகத்தார்

எல்லாருக்கும் நன்றி. கேரளத்துக் கடைக்குப் போய் அளந்து வந்தோம்.

மொத்த நீளம் 138 செ.மீ. குழல் 97. வாய் விட்டம் 18.4 மி.மீ., வரிப்பள்ளம் இல்லை. எடை 4.9 கிலோ. குழலிலும் தகட்டிலும் காந்தம் ஒட்டுகிறது, குதிரையிலும் ஒட்டுகிறது, மூன்று வளையத்தில் இரண்டில் மட்டும். குச்சி 95 செ.மீ. உள்ளே போயிற்று. பூட்டைக் கழற்ற விடவில்லை. கட்டை கறுத்த மரம், நடு வளையத்துக்கு அடியில் ஒட்டு இருக்கிறது. பொறிப்பு எழுத்துகளின் ஓரம் மழுங்கல். தொல்பொருள் வியாபார உரிமம் கேட்டதும் விலை 40,000-க்கு இறங்கியது.

---

பதில் 7: கொல்லன்பட்டறை

25,000 இறங்கியதே பதில்.

18.4 மி.மீ. குழல் பேட்டர்ன் 1853-க்கும் இல்லை, 1857-க்குப் பிந்திய சிப்பாய் வகைக்கும் இல்லை. 138-க்கு 4.9 கிலோ என்பது ஈட்டிக் கட்டையும் தடித்த குழாயும். ஒரு வளையம் மட்டும் காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் உடைந்ததற்குப் பதில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். இது நம் நாட்டுப் பட்டறையில் செய்த பிரதிக்குப் பழசு வேஷம். குழல் அடிவரை திறந்திருப்பதால் வக்கீல் சொன்ன தொல்லையும் இதோடு சேர்த்துக் கிடைக்கும். பத்தாயிரத்துக்குக் கொடுத்தாலும் இது வேண்டாம்.

---

பதில் 8: பழம்பூட்டு

ஒப்புக்கொள்கிறேன். வடக்குப் பட்டறைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு காட்சிக்கும் ஒரே துப்பாக்கி பொருந்தாது என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

1809-க்கு: கம்பெனிப் படையிடம் இருந்த பாணி 'இந்தியா பேட்டர்ன்'. கிழக்கிந்தியக் கம்பெனி தனக்கென்று எளிமையாக்கிய துப்பாக்கிதான் அதன் மூலம். பிரெஞ்சுச் சண்டையில் ஆயுதத் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டிஷ் அரசே கம்பெனியிடம் வாங்கி, 1797-இல் தன் படைக்கும் அதே மாதிரியை ஏற்றுக்கொண்டது. குழல் 39 அங்குலம், விட்டம் .75 அங்குலம் அதாவது 19 மி.மீ., ராம்ராடு நுழையும் பித்தளைக் குழாய் மூன்று. நாலு குழாய் இருந்தால் அது முந்தைய நீளவகை. குழலைக் கட்டையோடு பிடிப்பது ஊசிகள், வளையம் கிடையாது. பட்டறைக்காரர் வளையம் போட்டு அனுப்பினால் பிரெஞ்சு மாதிரியோடு கலந்துவிட்டார் என்று பொருள். குதிரை அன்னக் கழுத்துபோல் வளைந்ததாக இருக்கட்டும். நடுவில் ஓட்டை வைத்த கனத்த குதிரை 1809-இல்தான் வரத் தொடங்கியது, வேலுத்தம்பி காலத்துக்கு அது முந்திக்கொண்டு வந்ததாகிவிடும்.

1741-க்கு: டச்சுக் கம்பெனித் துப்பாக்கியை அப்படியே செய்து தருபவர் கிடைப்பது கஷ்டம். எளிதில் கிடைப்பவற்றில் தோற்றத்தில் அருகே வருவது 46 அங்குலக் குழல் வைத்த நீளவகை பிரௌன் பெஸ். மொத்தம் 157 செ.மீ. போகும், உங்கள் சுவரை முதலில் அளந்துகொள்ளுங்கள். டச்சுக் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரையைப் பொறித்துத் தரட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரிட்டிஷ் வடிவத்தில் டச்சு முத்திரை இருந்தால், உதயகிரிக் கோட்டையில் டிலனாய் (குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி) கல்லறையைப் பார்த்துவிட்டு நேரே உங்களிடம் வருகிறவர் யாராவது ஒருவர் கேட்பார். அட்டையில் "18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைத் துப்பாக்கி, பிரதி" என்று போட்டால் போதும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் 1809-ஐ வாங்குங்கள். அதற்குச் சரியான பிரதி உண்டு.

விலை: 14,000 என்பது பூட்டு நன்றாக இருந்தால் தகும். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். அனுப்புவதற்கு முன் ஐந்து போட்டோ கேளுங்கள்: கழற்றிய பூட்டின் உட்புறம், கட்டையில் பூட்டுக் குழி, கழுத்தின் மர வரி, அடைத்த குழலின் வாய், தராசில் தொங்கும் முழுத் துப்பாக்கி. 4.4 கிலோவுக்கு அரைக் கிலோ மேலே போகலாம், அதற்கு மேல் போனால் குழாயைக் கேளுங்கள்.

---

பதில் 9: குலசேகரம் மரவேலை

வந்த பெறகு உள்ள பாடு. பித்தளையைக் குத்துவிளக்கு தேய்க்க மாதிரி புளி போட்டுத் தேய்ச்சிராதீங்க. புளித்தண்ணி மரத்துக்குள்ள இறங்கி ஓரமெல்லாம் கறுத்துப்போவும், இரும்பு பட்ட எடம் துருப்பிடிக்கும். கட்டைக்கும் பித்தளைக்கும் நடுவில ஒரு அட்டையைச் சொருகிட்டு, துணியில பாலிஷ் தொட்டுத் தேய்ங்க. இரும்புக்குத் தையல் மெஷின் எண்ணெய், மழைக்காலத்தில மாசம் ஒருக்கா. பிள்ளைகள் தொட்ட அன்னைக்கே துடைச்சிரணும், வேர்வை உப்புதான் முதல்ல பிடிக்கும். துணிப்பையிலயும் தோல் உறையிலயும் போட்டு வைக்காதீங்க, ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிடும். சுவர்ல ஆணி வைக்கும்போது ரெண்டு எடத்துல தாங்கணும், கழுத்துல ஒண்ணு, குழலுக்கு நடுவில ஒண்ணு. விசைக் காப்புல தொங்க விட்டா திருகு தளந்துரும்.

---

கேள்வி கேட்டவர்: தக்கலை நூலகத்தார்

1809 ஒன்றுக்கே ஆர்டர் கொடுக்கிறோம். பட்டறைக்காரர் பூட்டில் "டவர் 1809" என்று போடட்டுமா என்று கேட்கிறார்.

---

பதில் 10: பழம்பூட்டு

வேண்டாம். தீக்கல் காலத்துப் பிரிட்டிஷ் அரசுப் பூட்டுகளில் ஆண்டு பொறிப்பதை 1764-இலேயே நிறுத்திவிட்டார்கள். குதிரைக்குப் பின்னால் "டவர்", முன்னால் கிரீடமும் ஜி.ஆர்.-உம் (ஜார்ஜ் மன்னர் முத்திரை), அவ்வளவு போதும். விக்டோரியாவின் வி.ஆர். வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களிடம் உள்ள அச்சு பெரும்பாலும் அதுதான். கட்டையின் உட்பக்கத்தில், பூட்டைக் கழற்றினால் மட்டும் தெரியும்படி, "பிரதி" என்றும் செய்த ஆண்டையும் பொறித்துத் தரச் சொல்லுங்கள்.